25 மைக்ரான் எஸ்ஓஐ காம்ப் டிரைவ்: 63 வோல்ட்டிலேயே விரல்கள் பக்கவாட்டில் ஒட்டுகின்றன, 30 மைக்ரான் நகர்வு வேண்டும்

#1 புதுத்தடம்

எஸ்ஓஐ வேஃபரில் (ஆக்சைடு அடுக்கின் மேல் மெல்லிய சிலிக்கன் உள்ள வட்டு) செய்த நிலைமின் காம்ப் டிரைவ், அதாவது சீப்புப் பற்கள் போல ஒன்றுக்குள் ஒன்று நுழையும் விரல்களை மின்னழுத்தம் இழுத்து நகர்த்தும் நுண்கருவி. கணக்குப்படி 86 வோல்ட்டில் 30 மைக்ரான் நகர வேண்டும். 63 வோல்ட்டுக்குப் பக்கத்தில் போனதுமே விரல்கள் பக்கவாட்டில் இழுபட்டு எதிர் விரல்களோடு ஒட்டிவிடுகின்றன. ஒரே வேஃபரின் எல்லாச் சில்லுகளிலும் இதே நிலைதான்.

வடிவமைப்பு அளவுகள்: மேல் சிலிக்கன் அடுக்கு 25 மைக்ரான். நகரும் விரல்கள் 100. விரல் அகலம் 3, நீளம் 60, இடைவெளி 3, தொடக்க மேற்பொருந்தல் (விரல்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்கும் நீளம்) 10 மைக்ரான். ஸ்பிரிங் வழக்கமான மடிப்பு ஸ்பிரிங், எட்டு கம்பிகள், ஒவ்வொன்றும் 500 மைக்ரான் நீளம், 3 மைக்ரான் அகலம். காம்ப் ஒரு பக்கம் மட்டும்தான். அதன் அடியில் ஹேண்டில் வேஃபரை (அடியில் தாங்கும் தடித்த சிலிக்கனை) பின்புறமிருந்து எட்ச் செய்து எடுத்தாயிற்று.

அளந்தவை: இயல்பு அதிர்வெண் கணக்கில் 2.14 கிலோஹெர்ட்ஸ், அளவீட்டில் 1.65. 40 வோல்ட்டில் 6.5 மைக்ரான் எதிர்பார்த்தது, வந்தது 9.5. நகர்வு கூடுதலாக வருகிறது, ஆனால் சீக்கிரமே ஒட்டுகிறது. மூத்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

#2 நுண்விசை

அதிர்வெண்ணையும் சேர்த்துக் கொடுத்தது நல்லது. பாதி விடை அதிலேயே இருக்கிறது.

மடிப்பு ஸ்பிரிங்கின் நகர்வுத் திசை விறைப்பு = 2 × யங் குணகம் × தடிமன் × அகலத்தின் கனம் ÷ நீளத்தின் கனம். யங் குணகம் 169 கிகாபாஸ்கல் என்று வைத்தால் உங்கள் வடிவமைப்புக்கு 1.83 நியூட்டன்/மீட்டர் வரும். அதிர்வெண் விறைப்பின் வர்க்கமூலத்தோடு போகும். (1.65 ÷ 2.14) ஐ வர்க்கப்படுத்தினால் 0.59. விறைப்பு 59 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அது அகலத்தின் கனத்தோடு போவதால், அதன் கனமூலம் 0.84. அதாவது கம்பியின் உண்மையான அகலம் 3 அல்ல, சுமார் 2.5 மைக்ரான். இரண்டு பக்கமும் கால் கால் மைக்ரான் கரைந்திருக்கிறது.

கம்பி இளைத்தால் விரலும் இளைக்கும். விரல் இளைத்தால் இடைவெளி 3.5 ஆகும். காம்ப் விசை = விரல் எண்ணிக்கை × எப்சிலான் (காற்றின் மின் உட்புகுதிறன்) × தடிமன் × வோல்ட் வர்க்கம் ÷ இடைவெளி. எனவே விசை 14 சதவீதம் குறைகிறது, விறைப்போ 42 சதவீதம் குறைகிறது. 40 வோல்ட்டில் விசை 10.1 மைக்ரோநியூட்டன், விறைப்பு 1.06. வகுத்தால் 9.6 மைக்ரான். உங்கள் 9.5 அப்படியே பொருந்துகிறது. நகர்வு கூடியதற்குக் காரணம் இதுதான். ஒட்டுவதற்கு இது மட்டும் போதுமா என்பது வேறு கேள்வி.

#3 எட்ச்மேடை

25 மைக்ரான் ஆழ டிஆர்ஐஇ-யில் (பிளாஸ்மாவால் செங்குத்தாக ஆழக் குடையும் முறை) பக்கத்துக்கு கால் மைக்ரான் இழப்பு வியப்பே இல்லை. பாஷ் முறையில் எஸ்எஃப்6 எட்ச் சுழற்சியும் சி4எஃப்8 பூச்சுச் சுழற்சியும் மாறி மாறி ஓடுகின்றன. முதல் சுழற்சியிலேயே மாஸ்க்குக்கு அடியில் பக்கவாட்டில் கொஞ்சம் தின்றுவிடும். அதற்கு மேல் லித்தோகிராஃபியின் பங்கும் உண்டு: ரெசிஸ்ட் கொஞ்சம் கூடுதலாக ஒளி வாங்கினாலே கோடு இளைத்துவிடும்.

மேலேயிருந்து எஸ்இஎம் (மின்னணு நுண்ணோக்கி) படம் எடுத்து 2.8 மைக்ரான் என்று பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். பள்ளம் அடியில் அகன்றிருந்தால் மேலே 2.8, அடியில் 2.2 என்று இருக்கலாம். ஒரு சில்லை உடைத்துக் குறுக்குவெட்டைப் பாருங்கள். எஸ்ஓஐ-யில் இன்னொரு தொல்லை அடிவெட்டு: எட்ச் புதைந்த ஆக்சைடைத் தொட்டதும் அந்த ஆக்சைடில் மின்னூட்டம் தேங்கி, பின்வரும் அயனிகளைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். சிலிக்கனின் அடி ஓரம் அரிக்கப்படும். தாழ் அதிர்வெண் பயாஸை (அயனிகளை வேஃபரை நோக்கி இழுக்கும் மின்னழுத்தத்தை) துடிப்புகளாகக் கொடுத்தால் குறையும்.

லேஅவுட்டில் செய்யக்கூடியதும் உண்டு. அகலமான பள்ளம் வேகமாக எட்ச் ஆகும், குறுகலானது மெதுவாக. விரல்களுக்கு இடையே 3 மைக்ரான், ஸ்பிரிங்கைச் சுற்றி 50 மைக்ரான் வெற்றிடம் என்றால், விரல் பள்ளம் முடிவதற்குள் ஸ்பிரிங் பக்கம் ஆக்சைடைத் தொட்டு வெகுநேரம் மிகை எட்ச் ஆகிக்கொண்டிருக்கும். உங்கள் ஸ்பிரிங் விரல்களைவிட இளைத்திருக்க வாய்ப்பு அதிகம். கம்பிகளுக்கு இருபுறமும் 4 அல்லது 5 மைக்ரான் தள்ளி நிரப்புத் தொகுதிகள் வையுங்கள். ஆனால் அவை நிலையாக ஊன்றியிருக்க வேண்டும். பின்புறம் திறந்த பகுதிக்கு மேலே தனித்து நின்றால் ரிலீஸின்போது (அடியிலுள்ள ஆக்சைடைக் கரைத்து நகரும் பாகத்தை விடுவிக்கும்போது) கழன்று விரல்களுக்கு இடையே விழும்.

#4 புதுத்தடம்

நன்றி நுண்விசை, எட்ச்மேடை. அப்படியானால் மாஸ்க்கில் (வடிவத்தை வேஃபரில் பதிக்கும் தகட்டில்) பக்கத்துக்கு 0.25 சேர்த்து வரைந்தால் தீர்ந்ததா?

#5 ஸ்பிரிங்காரர்

தீராது. அவசரப்பட்டு மாஸ்க் எழுத அனுப்பாதீர்கள்.

காம்ப் டிரைவில் விரல் நடுவில் நிற்கும்வரை இரு பக்க இழுப்பும் சமம். துளி நகர்ந்தால் கிட்டப் போன பக்கம் வலுவாக இழுக்கும். இது எதிர்மறை விறைப்பு. அதன் அளவு = 2 × விரல் எண்ணிக்கை × எப்சிலான் × தடிமன் × மேற்பொருந்தல் × வோல்ட் வர்க்கம் ÷ இடைவெளியின் கனம். ஸ்பிரிங்கின் குறுக்கு விறைப்பு இதைவிட அதிகமாக இருக்கும்வரை நிலைத்து நிற்கும். சமமானால் ஒட்டும்.

குறுக்கு விறைப்பை நகர்வு பூச்சியமாக இருக்கும்போது கணக்கிட்டால் உங்களுக்கு 50,000 நியூட்டன்/மீட்டர் வரும். அந்த எண்ணை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். கம்பி வளைந்த பிறகு அது நீளவாக்கில் நிமிரவும் சுருங்கவும் இடம் கிடைத்துவிடும். மடிப்பு ஸ்பிரிங்குக்குப் பயன்படும் சூத்திரம்: 200 × யங் குணகம் × பரப்பின் இரண்டாம் திருப்புமை ÷ (3 × நீளம் × நகர்வின் வர்க்கம்). நகர்வு இரட்டித்தால் குறுக்கு விறைப்பு நாலில் ஒன்றாகும்.

உங்கள் இளைத்த கம்பிக்கு, 62 வோல்ட், 23 மைக்ரான் நகர்வில் குறுக்கு விறைப்பு சுமார் 1,390. மின் எதிர்மறை விறைப்பு சுமார் 130. பத்து மடங்குக்கு மேல் இடம் இருக்கிறது. இந்தக் கணக்குப்படி ஒட்டவே கூடாது. ஆகவே வேறொன்று இருக்கிறது.

இரண்டு விவரம் வேண்டும். ஒன்று, ஒட்டிய நிலையில் எடுத்த படத்தில் காம்பின் இடது ஓர விரலும் வலது ஓர விரலும் ஒரே ஆழத்தில் உள்ளே போயிருக்கின்றனவா? இரண்டு, ஸ்பிரிங்கின் மையத்திலிருந்து காம்ப் எவ்வளவு தூரம்? ஷட்டிலோடு, அதாவது விரல்களைத் தாங்கி நகரும் நடுப்பாகத்தோடு, சேரும் உள் கம்பிகளுக்கு இடையே நகர்வுத் திசையில் எவ்வளவு தூரம்?

#6 புதுத்தடம்

படத்தில் அளந்தேன். ஒட்டிய நிலையில் இடது ஓர விரல் வலது ஓர விரலைவிட 13 மைக்ரான் ஆழமாகப் போயிருக்கிறது. காம்பின் மொத்த அகலம் 1,200 மைக்ரான். ஸ்பிரிங் மையத்திலிருந்து காம்ப் 300 மைக்ரான். உள் கம்பிகளுக்கு இடையே 200 மைக்ரான்.

#7 ஸ்பிரிங்காரர்

கிடைத்துவிட்டது. உங்கள் ஷட்டில் பக்கவாட்டில் சரியவில்லை, சுழன்றிருக்கிறது.

சரிபார்ப்போம். ஸ்பிரிங் மையத்தைச் சுற்றி ஷட்டில் சுழன்றால், 300 மைக்ரான் தள்ளியிருக்கும் காம்ப் பக்கவாட்டில் நகரும். இடைவெளி முழுவதும், அதாவது 3.5 மைக்ரான் மூட வேண்டுமானால் 3.5 ÷ 300, சுமார் 0.0117 ரேடியன் போதும். அதே கோணத்தில் காம்பின் ஓரங்கள், மையத்திலிருந்து 600 மைக்ரான் தள்ளி, ஒன்று 7 மைக்ரான் உள்ளேயும் மற்றது 7 மைக்ரான் வெளியேயும் போகும். மொத்த வித்தியாசம் 14. நீங்கள் அளந்தது 13. நேராகச் சரிந்திருந்தால் வித்தியாசம் பூச்சியமாக இருந்திருக்கும்.

இப்போது நிலைத்தன்மைக் கணக்கு. சுழற்சிக்கு எதிராக ஸ்பிரிங் தரும் விறைப்பு, தோராயமாக, குறுக்கு விறைப்பு × உள் கம்பி இடைவெளியில் பாதியின் வர்க்கம். உங்களுக்கு அந்தப் பாதி 100. மின்சாரம் தரும் எதிர்மறைச் சுழல் விறைப்பு = பக்கவாட்டு எதிர்மறை விறைப்பு × காம்ப் தூரத்தின் வர்க்கம். அந்தத் தூரம் 300. ஆக, குறுக்கு விறைப்பு மின் விறைப்பைவிட (300 ÷ 100) இன் வர்க்கம், அதாவது 9 மடங்கு இருந்தால்தான் நிற்கும். ஒரு மடங்கு போதும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

இளைத்த கம்பியில் 63 வோல்ட், 24 மைக்ரான் நகர்வில் அந்த விகிதம் சரியாக 9-ஐத் தொடுகிறது. நீங்கள் பார்த்த இடம் அதுதான்.

முக்கியமானது இனித்தான். கரைப்பே இல்லாமல், மாஸ்க்கில் இருப்பதுபோலவே 3 மைக்ரான் கம்பி வந்திருந்தால்? விகிதம் 9-ஐத் தொடுவது 22 மைக்ரான் நகர்வில், 74 வோல்ட்டில். வோல்ட் கூடியிருக்கும், நகர்வு கூடியிருக்காது. இன்னும் இரண்டு மைக்ரான் குறைவுதான். ஸ்பிரிங்கை விறைப்பாக்கினால் அதே நகர்வுக்கு அதிக வோல்ட் கொடுக்க வேண்டியிருக்கும், மின் எதிர்மறை விறைப்பும் கூடவே ஏறும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். எவ்வளவு தூரம் போகலாம் என்பதைத் தீர்மானிப்பது வடிவமே தவிர வோல்ட் அல்ல. மாஸ்க்கில் 0.25 சேர்ப்பதால் உங்களுக்கு 30 மைக்ரான் கிடைக்காது என்று நான் சொன்னதன் காரணம் இதுதான்.

#8 அளவை

ஸ்பிரிங்காரர் கணக்கு சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் விரலே வளைந்து ஒட்டியிருக்கலாம் என்பதை ஒதுக்கிவிட வேண்டாம். 60 மைக்ரான் நீளம், 2.5 மைக்ரான் அகலம் என்பது மெலிந்த விரல்.

#9 ஸ்பிரிங்காரர்

ஒதுக்கலாம் அளவை, எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஒரு முனை ஊன்றிய கம்பியாக எடுத்தால் 3 மைக்ரான் அகல விரலின் முனை விறைப்பு 132 நியூட்டன்/மீட்டர். 2.5-க்கு சுமார் 76. 63 வோல்ட்டில் ஒரு விரலுக்கு வரும் எதிர்மறை விறைப்பு 1.4 மட்டுமே. பக்கத்திலேயே இல்லை. அதோடு விரல் வளைந்திருந்தால் சில விரல்கள் மட்டும் முனையில் ஒட்டியிருக்கும், 13 மைக்ரான் சாய்வு வந்திருக்காது.

நீளம் கனமாக வேலை செய்வதால் எச்சரிக்கை நியாயமானதே. அதே 3 மைக்ரான் விரலை 150 மைக்ரான் நீளத்துக்கு இழுத்தால் முனை விறைப்பு 8.4-க்கு இறங்கிவிடும். அங்கே விரலே முதலில் போகலாம்.

#10 நுண்விசை

புதுத்தடம், சிமுலேஷனில் இது ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். நேரியல் பகுப்பாய்வு ஓட்டியிருப்பீர்கள். அதில் குறுக்கு விறைப்பு எல்லா நகர்வுக்கும் 50,000-ஆகவே நிற்கும். வடிவ நேரிலாமையை இயக்கி, ஷட்டிலை முதலில் 24 மைக்ரான் நகர்த்தி வைத்துவிட்டு, அந்த நிலையில் தளத்துக்குள்ளான சுழற்சி மோடின் (அதிர்வு வகையின்) அதிர்வெண்ணைக் கேளுங்கள். வோல்ட்டைக் கூட்டக் கூட்ட அந்த மோட் பூச்சியத்தை நோக்கி இறங்கும். பூச்சியமாகும் இடம்தான் ஒட்டும் இடம். நூறு விரலையும் முப்பரிமாணத்தில் வரைய வேண்டியதில்லை; ஒரு விரலின் இருபரிமாணக் குறுக்குவெட்டில் மின்தேக்கத்தின் சரிவை எடுத்து நூறால் பெருக்கிக்கொள்ளலாம். விளிம்புப் புலமும் அதில் சேர்ந்துவிடும்.

#11 புதுத்தடம்

புரிந்தது. இப்போது மாற்றுவது எதை? இடைவெளியை 4 மைக்ரான் ஆக்கலாமா? ஒட்டும் நகர்வு இடைவெளியோடு கூடும் என்று படித்தேன்.

#12 ஸ்பிரிங்காரர்

கூடும். ஆனால் விசை கால் பங்கு போய்விடும், அதே நகர்வுக்கு 15 சதவீதம் கூடுதல் வோல்ட் வேண்டும். இலவசமாகக் கிடைப்பதை முதலில் எடுங்கள்: ஸ்பிரிங்கைப் பிரித்து ஷட்டிலின் இரு முனைகளுக்கும் தள்ளுங்கள். உள் கம்பிகளுக்கு இடையே 200 என்பதை 600 ஆக்குங்கள். பாதி 300, காம்ப் தூரமும் 300, விகிதம் 1. வெளிக் கம்பிகளை ஊன்றும் இடங்களும் அதே அளவு விலக வேண்டும். இரண்டையும் இணைக்கும் குறுக்குச் சட்டத்தை 30 மைக்ரானுக்குக் குறையாமல் அகலமாக வையுங்கள். சட்டம் வளைந்தால் இந்தக் கணக்கே செல்லாது.

இப்படிச் செய்து, கம்பியும் 3 மைக்ரானாக வந்தால்: 30 மைக்ரான் நகர்வுக்கு 86 வோல்ட். குறுக்கு விறைப்பு 1,410, மின் விறைப்பு 490. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஒட்டும் இடம் 40 மைக்ரானுக்குப் போய்விடும், அங்கே இரண்டும் 800 பக்கம் சந்திக்கின்றன.

இன்னும் வேண்டுமென்றால் சாய்ந்த கம்பி இருக்கிறது. கிரேட், ஜெர்மன், கென்னி மூவரும் 2003-இல் வெளியிட்ட முறை: கம்பிகளை ஓய்வு நிலையில் ஒரு பக்கம் வளைத்தே வரைந்து, நகர்வின் நடுவில் நேராகும்படி செய்வது. குறுக்கு விறைப்பு உச்சமாக இருக்கும் இடம் பூச்சிய நகர்விலிருந்து தேவையான நகர்வுக்கு மாறும். ஒரே திசையில் மட்டும் நகரும் உங்கள் டிரைவுக்குப் பொருத்தமானது. ஆனால் 30 மைக்ரானுக்கு இது தேவையில்லை.

#13 எட்ச்மேடை

மாஸ்க் ஈடும் வேண்டும்தான், நகர்வுக்காக அல்ல, 86 வோல்ட் கணக்கு பொருந்துவதற்காக. ஒரே ஈட்டை எல்லா இடத்துக்கும் போடாதீர்கள். விரல் இடைவெளியை 2.5 ஆக வரைந்தால் அந்தப் பள்ளம் இன்னும் மெதுவாக எட்ச் ஆகும், மற்ற இடங்கள் மிகை எட்ச் ஆகும், நீங்கள் ஈடுகட்டிய கரைப்பே கூடிவிடும். விரலில் பாதி ஈடு, ஸ்பிரிங்கில் முழு ஈடு, கூடவே மேலே சொன்ன நிரப்புத் தொகுதிகள். அதே மாஸ்க்கில் 2.6 முதல் 3.6 வரை 0.2 படியில் அகலம் மாறும் சோதனைக் கம்பிகளையும் வையுங்கள். அவற்றின் அதிர்வெண்ணைப் பார்த்தால் ஒவ்வொரு வேஃபரிலும் உண்மையான அகலம் தெரிந்துவிடும், சில்லை உடைக்க வேண்டாம்.

ரிலீஸுக்கு ஹெச்எஃப் (ஹைட்ரோஃபுளோரிக் அமில) ஆவிதான் நல்லது. அதற்கு முன் பக்கச்சுவரில் இருக்கும் டிஆர்ஐஇ பாலிமரை ஆக்சிஜன் பிளாஸ்மாவில் முழுக்க எடுத்துவிடுங்கள். மிச்சம் இருந்தால் ஆக்சைடு ஓரிடத்தில் போகும், ஓரிடத்தில் நிற்கும். திரவ ஹெச்எஃப்-தான் இருக்கிறதென்றால் காற்றில் உலர்த்தாதீர்கள். தண்ணீர் வற்றும்போது பரப்பு இழுவிசையே விரல்களைச் சேர்த்துவிடும். தண்ணீரை ஆல்கஹாலாக மாற்றி, பிறகு திரவ கார்பன் டை ஆக்சைடாக மாற்றி, 31 டிகிரிக்கும் 73 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோய் அழுத்தத்தை இறக்குங்கள். ஹெச்எஃப் தோலில் பட்டால் உடனே வலிக்காமலும் இருக்கலாம், உள்ளே போய் எலும்பைத் தாக்கும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் இடத்தில் இல்லாமல் பாட்டிலைத் திறக்கவே கூடாது.

#14 அளவை

சோதனை முறை பற்றி, ஏனென்றால் நல்ல சில்லுகளையே புரோப் ஸ்டேஷனில் வைத்துச் சிலர் எரித்துவிடுகிறார்கள்.

முதலில் ஹேண்டில் வேஃபரின் அடியில் வெள்ளிப் பசை வைத்து ஷட்டிலின் அதே மின்னழுத்தத்தோடு இணையுங்கள், அதாவது கிரவுண்டு. மிதக்க விட்டால் அது இடைப்பட்ட ஏதோ ஒரு மின்னழுத்தத்துக்குப் போய் ஷட்டிலைக் கீழே இழுக்கும். பின்புறம் திறக்காத பகுதி எதுவும் நகரும் பாகத்துக்கு அடியில் இருந்தால் இது நிச்சயம் நடக்கும்.

அடுத்து 1 மெகாஓம் மின்தடை, புரோப் ஊசிக்கு மிக அருகில். மூலத்தின் பக்கம் வைத்துப் பயனில்லை: ஒரு மீட்டர் கோஆக்சியல் கேபிளுக்குச் சுமார் 100 பிகோஃபாரட் மின்தேக்கம் உண்டு, ஒட்டும் நொடியில் அதிலுள்ள மின்னூட்டம் முழுவதும் விரல் முனை வழியாகப் பாய்ந்து சிலிக்கனை உருக்கிச் சேர்த்துவிடும். ஒட்டிய விரல் பூச்சிய வோல்ட்டில் விடுபடவில்லை என்றால் பாதி நேரம் காரணம் இந்த உருகல்தான்.

மின்னழுத்தத்தை 40 வரை 5 வோல்ட் படியிலும் அதற்கு மேல் 1 வோல்ட் படியிலும் ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் இடது ஓரம், வலது ஓரம் இரண்டையும் படமெடுங்கள். சுழற்சி தொடங்கினால் ஒட்டுவதற்கு முன்பே இரண்டு ஓரமும் வேறுபடத் தொடங்கும். மின்தேக்கத்தை அளந்து நகர்வை அறிய நினைத்தால், உங்கள் காம்ப் ஒரு மைக்ரானுக்கு மாறுவது 15 ஃபெம்டோஃபாரட் மட்டுமே. 2 மைக்ரான் ஆக்சைடின் மேல் உள்ள 100 மைக்ரான் சதுர பேட் (புரோப் ஊசி தொடும் தளம்) ஒன்றே 173 ஃபெம்டோஃபாரட். பேட்டைச் சிறிதாக்கி, வேறுபாட்டு முறையில் அளந்தால்தான் நம்பலாம்.

பக்கவாட்டுத் தடுப்பு வையுங்கள், புதுத்தடம். ஷட்டிலின் மின்னழுத்தத்திலேயே இருக்கும் புடைப்பு, காம்ப் பக்கத்து முனையில், 2 மைக்ரான் தள்ளி. விரலைத் தொடுவதற்கு முன் அது தொட்டுவிடும், மின்னோட்டம் பாயாது.

#15 வெற்றிடம்

ஒரு சேர்க்கை. 86 வோல்ட்டை மணிக்கணக்காக நேர்மின்னோட்டமாகக் கொடுத்து வைத்தால் நகர்வு மெல்ல விலகும். வெளியே தெரியும் ஆக்சைடிலும் சிலிக்கனின் இயற்கை ஆக்சைடிலும் மின்னூட்டம் தேங்குவதுதான் காரணம். விசை வோல்ட்டின் வர்க்கத்தோடு போவதால் குறி மாறினாலும் விசை மாறாது. ஆகவே +86, −86 என்று சதுர அலையாக, இயந்திர அதிர்வெண்ணுக்கு வெகு மேலே, 20 கிலோஹெர்ட்ஸ் போலக் கொடுங்கள். ஷட்டில் அசையாமல் நிற்கும், மின்னூட்டத்தின் சராசரி பூச்சியமாகும். அலையின் ஏற்ற இறக்கம் சில மைக்ரோநொடிக்குள் முடிய வேண்டும். அளவை சொன்ன 1 மெகாஓம் அங்கே அலையை மழுக்குகிறதா என்று பாருங்கள், ஊசிக்குப் பின் சில பிகோஃபாரட் மட்டும் இருந்தால் சமாளிக்கும்.

ஈரப்பதமும் கவனம். ஈரக் காற்றில் உயர் மின்னழுத்தம் நின்றால் நேர்மின்வாயாக இருக்கும் சிலிக்கன் ஆக்சைடாக மாறிக்கொண்டே போகும். பாலிசிலிக்கன் மின்வாய்களில் இது நன்றாக ஆராயப்பட்டது. உலர் நைட்ரஜனில் வைத்தால் நின்றுவிடும். காற்று முறிவைப் பற்றிப் பயம் வேண்டாம். வளிமண்டல அழுத்தத்தில் பாஷன் வளைவின் (எந்த இடைவெளியில் எத்தனை வோல்ட்டில் காற்று முறியும் என்று காட்டுவது) அடிப்புள்ளி 7, 8 மைக்ரான் இடைவெளியில் சுமார் 330 வோல்ட். அதற்கும் குறைந்த இடைவெளியில் புல உமிழ்வால் தாங்கும் அளவு இறங்கும் என்பது உண்மை, ஆனால் 3 மைக்ரானில் 86 வோல்ட் வழக்கமாக இயக்கும் எல்லைக்குள்தான்.

#16 புதுத்தடம்

எல்லோருக்கும் நன்றி. ஒரு பக்கக் கேள்வி. 30 மைக்ரானுக்குப் பதில் 200 மைக்ரான் தேவைப்பட்டால்? சுழலும் மோட்டார் பக்கம் போகலாமா?

#17 நுண்விசை

சுழலும் மோட்டாரை விட்டுவிடுங்கள். 1988-இல் பெர்க்லியில் ஃபான், டாய், முல்லர் மூவரும் பாலிசிலிக்கனில் சுழற்றிக் காட்டியது பெரிய சாதனை, எம்ஐடி-யில் மெஹ்ரெகனி குழுவும் அதே காலத்தில் செய்தது. ஆனால் தலைமுடிப் பருமன் ரோட்டரில் கிடைக்கும் திருப்புவிசை பிகோநியூட்டன்-மீட்டர் அளவு, அதில் பெரும் பங்கு அச்சின் உராய்வுக்கே போய்விடும். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் பல்சக்கரத்தோடு செய்த மைக்ரோ எஞ்சின்களை நீண்ட நேரம் ஓட்டிப் பார்த்ததில் முதன்மையான பழுது தேய்மானம்தான். ஈரப்பதம் குறையக் குறைய தேய்மானத் துகள் கூடியது. தொட்டு உரசும் பாகம் இல்லாத காம்ப் டிரைவ் 1989-இல் டாங், நுயென், ஹௌ மூவரிடமிருந்து வந்தது, இன்று கைப்பேசி கைரோஸ்கோப் வரை போயிருப்பது அந்த வழிதான்.

உங்கள் 200 மைக்ரானுக்கு இன்ச்வோர்ம் (பிடித்து, இழுத்து, விட்டு, புழுபோலச் சிறு படிகளாக நகர்த்தும் மோட்டார்) சரி. 2002-இல் யே, ஹோலர், பிஸ்டர் மூவரும் ஒரே மாஸ்க்கில் எஸ்ஓஐ-யில் செய்தது. உங்கள் செய்முறைக்கும் பொருந்தும்.

#18 ஸ்பிரிங்காரர்

அதில் காம்ப் வைக்காதீர்கள், இடைவெளி மூடும் அணி வையுங்கள். 60 மைக்ரான் மேற்பொருந்தல், 2 மைக்ரான் இடைவெளி, 30 வோல்ட் என்றால் காம்ப் விரல் ஒன்று தருவது 0.1 மைக்ரோநியூட்டன். இடைவெளி மூடும் விரல் ஒன்று 1.5. பதினைந்து மடங்கு. மூடும்போது இன்னும் ஏறும். பின்பக்க இடைவெளியை 6 மைக்ரானாவது வையுங்கள், அது எதிர்ப்பக்கம் இழுப்பது ஒன்பதில் ஒரு பங்குக்கு மேல் போகாது.

இங்கே புல்-இன் நடப்பதே வேலை. இணைத்தட்டு இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு போனதும் தானே பாய்ந்துவிடும். அந்தப் பாய்ச்சலைத் தடுப்பில் நிறுத்தி ஒரு படியாக எண்ணுகிறோம். தடுப்பில் 0.5 மைக்ரானாவது மிச்சம் இருக்க வேண்டும், கரைப்பால் எல்லா இடைவெளியும் பெரிதாகும், தடுப்பின் இடைவெளியும் சேர்ந்துதான் பெரிதாகும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

வரிசை இது: முதல் கிளட்ச் ஷட்டிலைப் பிடிக்கிறது, முதல் டிரைவ் இழுக்கிறது, இரண்டாம் கிளட்ச் பிடிக்கிறது, முதல் கிளட்ச் விடுகிறது, முதல் டிரைவ் திரும்புகிறது, இரண்டாம் டிரைவ் இழுக்கிறது. எந்த நேரத்திலும் ஒரு கிளட்சாவது பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஷட்டிலின் ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுத்துவிடும். சுழற்சிக்கு 2 மைக்ரான், நொடிக்கு ஆயிரம் சுழற்சி என்றால் நொடிக்கு 2 மில்லிமீட்டர். கிளட்ச் பல்லும் ஷட்டில் பல்லும் முனையோடு முனை மோதி நிற்பதுதான் வழக்கமான பழுது. பல்லின் முனையை டிஆர்ஐஇ மழுக்கிவிடும், ஆகவே பல் இடைத்தூரத்தை ஒரு படியின் நகர்வுக்குச் சமமாக வைத்து, டிரைவ் தடுப்பின் இடைவெளியை அதைவிடக் கால் மைக்ரான் கூடுதலாக வரையுங்கள்.

#19 புதுத்தடம்

முதலில் 30 மைக்ரானை முடிக்கிறேன். உள் கம்பி 600, குறுக்குச் சட்டம் 30, ஸ்பிரிங்கைச் சுற்றி நிரப்பு, காம்ப் முனையில் தடுப்பு. லேஅவுட்டை வரைந்து இங்கேயே போடுகிறேன். ஷட்டில் 600 மைக்ரானுக்கு மேல் நீள்வதால் எடை கூடும், அதிர்வெண் 2 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே போகும். பரவாயில்லையா?

#20 ஸ்பிரிங்காரர்

நிலையான நகர்வுதான் தேவை என்றால் பரவாயில்லை. ஷட்டிலைத் தட்டையாக வரையாமல் முக்கோணச் சட்டகமாகக் குடைந்து வரைந்தால் எடை பெரும்பகுதி போய்விடும், வளைவு விறைப்பு கொஞ்சம்தான் குறையும். சட்டக் கம்பிகளை 8 மைக்ரான் அகலத்தில் வையுங்கள். படம் போடும்போது தளத்துக்குள்ளான சுழற்சி மோடின் அதிர்வெண்ணையும், பூச்சிய நகர்விலும் 30 மைக்ரானிலும் தனித்தனியாக, சேர்த்துப் போடுங்கள்.